வெள்ளிக்கிழமை லயானை அனுப்புங்கள்

அன்புள்ள அப்பாவுக்கு, ஹனீனின் சலாம். முழங்கால் வலி குறைந்ததா? தோஹாவில் நான் சௌக்கியம். அங்கே உங்களோடு என் மகள் லயான் சௌக்கியமா?

நேற்று லயானின் அப்பன் நிதால் ஃபோனில் கத்தினான். "பிள்ளையைப் பாக்க வந்தா உங்கப்பா வாசல்லயே திருப்பி அனுப்புறாரு. அப்புறம் எதுக்கு நான் ஜீவனாம்சம் கட்டணும்?" எரிச்சலோடு நம் வக்கீலம்மாவிடம் கேட்டேன்.

"கட்டாதவர் வெளிநாடு போகவே கோர்ட் தடை போடும். ஆனா பணம் வரலன்னு பிள்ளையை மறைக்க உங்களுக்கும் உரிமை இல்லம்மா. அது வேற, இது வேற" என்றார்.

உங்கள் இருவருக்கும் நடுவில் கிடந்து அலுத்துவிட்டேன் அப்பா. ஜீவனாம்சம் கேட்டு மனு போட்டாயிற்று, அவனை விடமாட்டேன். நீங்களும் பிடிவாதத்தை விடுங்கள். வெள்ளிக்கிழமை அவளுக்குத் தலைவாரி, நீலக் கவுன் போட்டு நிதாலோடு அனுப்புங்கள். போகும் முன் ஒரு படம் எடுத்து அனுப்புங்கள். அவனாவது நேரில் பார்க்கப் போகிறான்.

டூட்டிக்குக் கூப்பிடுகிறார்கள்.

உங்கள் ஹனீன்