இழைப்பு மெஷினும் நான் சுரண்டிய அழுக்கும்

அன்புள்ள மகனுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் உடம்புக்கு ஒன்றுமில்லாமல் இருக்கிறோம், நீயும் மருமகளும் அப்படியே இருக்க வேண்டும். உடம்புக்குத்தான் ஒன்றுமில்லை என்றேன், மற்றபடி இந்த வீட்டில் இரண்டு மாதமாக யாருக்கும் நிம்மதி கிடையாது. போனில் சொல்லலாம் என்றால் உன் அப்பா பக்கத்திலேயே நின்று காதைக் கொடுக்கிறார், அதனால்தான் கடிதம்.

எல்லாம் அந்த இழைப்பு மெஷினால் வந்த வினை. நீ படத்தில்தான் பார்த்தாய், நேரில் பார்த்தால் என் பக்கம் பேசுவாய். மூடப்போகிற மரப்பட்டறையில் கிடந்தது என்று நாலு பேரை வைத்துத் தூக்கிவந்து பின்பக்க அறையில் இறக்கினார். உன்னைப் போல இரண்டு மடங்கு வயது அதற்கு. நீளமாக இரண்டு இரும்பு மேசை, நடுவில் கத்தி பூட்டிய உருளை, மேலே பலகையை வைத்துத் தள்ளினால் வழவழவென்று மட்டமாக வர வேண்டுமாம். மழைக்குத் துணி காயப்போட எனக்கிருந்த ஒரே அறையும் போயிற்று. தொழிற்சாலையில் முப்பது வருஷம் மெஷின் பழுது பார்த்த மனுஷன், ஓய்வு பெற்றபின் சும்மா உட்கார மாட்டார் என்று நானும் விட்டுவிட்டேன். ஒரு மாதத்தில் துருவைப் போக்கி, பேரிங் மாற்றி, புது மோட்டார் பூட்டி ஓடவும் விட்டார். ஓடத்தான் செய்தது, பலகைதான் நேராக வரவில்லை. ஒரு முனை மெலிந்து, ஒரு பக்கம் சாய்ந்து வருகிறது. கழற்றுகிறார், அளக்கிறார், மாட்டுகிறார், மறுபடி கழற்றுகிறார். சாப்பிடக் கூப்பிட்டால் எரிந்து விழுகிறார். மரச்சுருள் என் தலையணை உறைக்குள் வரைக்கும் வந்துவிட்டது, எதைக் கேட்டாலும் நாளைக்குச் சரியாயிடும் என்ற ஒரே பதில்தான்.

போன வாரம் அவரோடு வேலை பார்த்தவர், அந்த மீசைக்காரர், வந்திருந்தார். குனிந்து பார்த்துவிட்டு, மேசை உட்கார்ற நாலு மூலையிலயும் மெல்லிசா பித்தளைத் தகடு இருந்திருக்கணுமே, அதை வச்சுத்தானே மட்டம் கட்டியிருப்பாங்க, பிரிக்கிறப்போ எந்த மூலையில எத்தனைன்னு குறிக்கலையா என்று கேட்டார். அப்படி எதையும் நான் பார்க்கலையே என்றார் அப்பா. நாலு மூலையையும் விரலால் தடவிப் பார்த்துவிட்டு, இருந்திருக்கும், என் கண்ணுலதான் படலை போல என்றார். தேநீரோடு வாசற்படியில் நின்ற நான் அப்படியே அடுக்களைக்குத் திரும்பிவிட்டேன்.

அவர் கண்ணில் படாததற்குக் காரணம் நான். அவர் கண் டாக்டரிடம் போயிருந்த அன்று, பிரித்துப் போட்ட இரும்பெல்லாம் பின்கட்டில் கிடந்தது. நாலு நாளாக அதைத் தாண்டித் தாண்டி நடந்து எனக்கு அலுத்துவிட்டது. சரி, நல்லது செய்வோம் என்று சோப்புத் தண்ணீரும் பழைய கத்தியுமாக உட்கார்ந்து ஒவ்வொன்றையும் தேய்த்து வைத்தேன். மூலைகளில் கறுப்பாக ஒட்டிக்கிடந்ததைச் சுரண்டியபோது சாக்லேட் சுற்றும் தாள் மாதிரி ஏதோ உரிந்து வந்தது. அழுக்கு என்று வாரிக் குப்பையில் போட்டேன். திரும்பி வந்தவர், பரவாயில்லையே, பளபளன்னு இருக்கே என்று வாயாரப் புகழ்ந்தார். நானும் கூச்சமில்லாமல் கேட்டுக்கொண்டேன்.

மீசைக்காரர் வந்துபோனதிலிருந்து அப்பா பின்பக்க அறைக்குள் காலே வைப்பதில்லை. சனிக்கிழமை வந்து மெஷினை எடுத்துப்போகச் சொல்லி பழைய இரும்புக்காரனிடம் சொல்லிவிட்டார். அதுகூடப் போகட்டும். நேற்றுப் பக்கத்து வீட்டு அம்மாள், ஃபேன் சத்தம் போடுது, கொஞ்சம் பாருங்கண்ணா என்று வந்தாள். வேற ஆளைக் கூப்பிட்டுக்கம்மா, எனக்கு இப்போ எதுவும் பிடிபடறதில்லை என்று அனுப்பிவிட்டார். அவர் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சை நான் கேட்டதே இல்லை. நீயும் உன் பங்குக்குப் போனில், இந்த வயசுல அப்பாவுக்கு எதுக்கும்மா இதெல்லாம் என்றாய். அவர் கேட்டுக்கொண்டுதான் இருந்தார். உன் மேலும் எனக்குக் கோபம், சொல்லிவிட்டேன். ஆனால் அதைவிடக் கோபம் என் மேல்தான். ஐந்து நாளாக வாய்வரை வந்து திரும்பிப் போகிறது. வைத்த பொருளை வைத்த இடத்தில் தேடத் தெரியாதவர் என்று நாள் தவறாமல் அவரைத் திட்டுகிறவள், எந்த முகத்தோடு போய்ச் சொல்வேன்? உன்னைக் கேட்கலாம் என்றுதான் எழுத உட்கார்ந்தேன். நீ பதில் போடுவதற்குள் சனிக்கிழமை போய்விடும். பேனாவை வைத்துவிட்டுப் போகிறேன், வந்து மீதியை எழுதுகிறேன்.

அப்பாவிடம் சொல்லிவிட்டேன். கண்ணாடியைக் கழற்றி வைத்தார். எல்லாத்தையுமா போட்ட என்றார். எல்லாத்தையும்தான் என்றேன். அப்புறம் ஆரம்பித்தார் பார், என் சாமானைத் தொடாதேன்னு எத்தனை தடவை சொல்லியிருக்கேன், ஒரு மாசமா பைத்தியக்காரன் மாதிரி அளந்துகிட்டிருக்கேன், நீ வேடிக்கை பார்த்துகிட்டா இருந்தே என்று முக்கால் மணி நேரம் விடாமல் பிடித்துக்கொண்டார். கல்யாணமான புதிதில் நான் அவர் அளவுகோலைக் கழுவி வெயிலில் காயவைத்தது வரை ஒன்று விடாமல் வந்தது. நானும் ஒரு கட்டத்தில் எதிர்த்துப் பேசிவிட்டேன், எவ்வளவுதான் வாங்கிக்கொள்வது. பேச்சினூடே இரும்புக்காரனுக்குப் போன் போட்டு வரவேண்டாம் என்றார். இதை எழுதும்போதும் பின்பக்க அறையிலிருந்து திட்டு வந்துகொண்டுதான் இருக்கிறது, கூடவே தகரம் வெட்டுகிற சத்தமும். நான் வாரிப் போட்ட தகடுகளுக்குப் பதிலாக, என்னைக் கேட்காமலே என் நல்ல டீத்தூள் டப்பாவைத் துண்டு போடுகிறார். அழுகையும் சிரிப்பும் சேர்ந்து வருகிறது எனக்கு. விளக்கைப் பிடிக்க ஆள் வேண்டுமாம், வந்து தொலை என்று கூப்பிடுகிறார், போக வேண்டும்.

இருவரும் நோய் நொடியில்லாமல், ஒருவர் சொல்வதை ஒருவர் கேட்டு, நிறைவாக இருங்கள். வேளாவேளைக்குச் சாப்பிடு. பல் வலிக்கு டாக்டரைப் பார்க்கிறேன் என்றாயே, தள்ளிப்போடாதே.

உங்கள் நினைப்பாகவே இருக்கும்,
அம்மா