தன் வாசலைக் கடந்தோடும் ஓலைக்காரன் பொருட்டு

செங்குவட்டு நாட்டில் மழை பொய்யாதிருக்க! கோன் திருக்குவடர் செங்கோல் வளையாதிருக்க! வடக்கெல்லை காக்கும் கடம்பவரைக் கோட்டைத் தலைவரும், பகைவரின் முதுகையன்றி முகத்தைக் கண்டறியாதவருமான மழவரையருக்குப் பேரமைச்சர் அருங்குன்றக்கிழார் எழுதுவித்த ஓலை. இங்கு யாவரும் நலம். தங்கள் மனையாளும் மக்களும் கோட்டையில் தங்களுடனேயே நலமாக இருப்பதறிந்து மகிழ்ந்தோம்.

நிற்க. ஓலைக்காரன் எயினன் குறித்த பொழுதுக்கு அரைப்பகல் பிந்தி வந்தான் என்றும், அவனைப் பணியினின்று நீக்க வேண்டும் என்றும் சென்ற திங்கள் வரைந்திருந்தீர்கள். தங்கள் சினம் ஓலையைத் தொட்ட கையைச் சுட்டது. ஆயினும் ஓடியவனைக் கேளாமல் தீர்ப்பெழுத நமக்குக் கை வரவில்லை. அவனை அழைத்து உசாவினோம்.

எயினனின் ஊர் புங்கஞ்சேரி. தலைநகருக்கும் தங்கள் கோட்டைக்கும் நட்டநடுவே, பெருவழியை ஒட்டியே அவன் வீடு. கையில் ஓலை இருக்கையில் ஓலைக்காரன் எந்தக் கூரையின் கீழும் நுழையலாகாது, தண்ணீர்ப்பந்தலில் நீர் அருந்தும் அளவே நிற்கலாம் என்பது சட்டம். போகையில் நம் ஓலை, வருகையில் தங்கள் மறுமொழி. அவன் கை என்றைக்கு ஒழிந்தது, வீட்டுக்குள் நுழைய? இரண்டாண்டாகத் தன் வாசலை ஓடியே கடக்கிறான். மனைவி உத்தமி பந்தலருகே காத்து நின்று, இவன் ஒரு கை நீர் குடிப்பதற்குள் கூரை ஒழுகுவதையும் மகள் ஆவுடைக்குப் பேச்சு வந்ததையும் சொல்லி முடிப்பாளாம். அடுத்த சொல் அவள் வாயிலிருக்கும்போதே இவன் ஓடிவிடுவானாம்.

சென்ற திங்கள் பந்தலருகே அவள் இல்லை. மூன்று வயது ஆவுடை கிணற்றுப் படியில் உருண்டு கை முறிந்து கிடக்க, உத்தமி வாசலில் நின்று அலறிக்கொண்டிருந்தாள். எயினன் மகளைத் தோளில் தூக்கிக்கொண்டு பண்டுவர் வீட்டுக்கு ஓடினான். அங்கும், ஐயகோ, கூரைக்குள் நுழையாமல் முற்றத்து வெயிலிலேயே அமர்ந்து, மகளை மடியில் கிடத்திக் கட்டுப் போடச் செய்தானாம். எலும்பைப் பொருத்திக் கட்டு இறுகும் வரை அரைப்பகல். பிறகு அவளைத் தாயிடம் கொடுத்துக் கிளம்புகையில், குழந்தை இவன் தலைப்பாகையைப் பற்றிக்கொண்டு, "ஓலைக்கார மாமா, போவாதீங்க" என்றாளாம்.

இதைச் சொல்லுகையில் எயினன் அழவில்லை. நின்று பழகாதவனாதலால் நம் முன்னே கால் மாற்றிக் கால் மாற்றித் தவித்தான், அவ்வளவே.

அந்தச் சட்டத்தை இருபதாண்டுக்கு முன் எழுதியது நாமே. எழுதிய பொழுது நம் மகன் நம் மடியில் இருந்தான். ஓடுகிறவனுக்கும் ஒரு மடி உண்டென்று நமக்குத் தோன்றவில்லை. சொல்ல வெட்கமாகவே இருக்கிறது. தாங்களோ மூவேளையும் மக்களோடு அமர்ந்து உண்பவர், தங்களுக்காவது தோன்றியிருக்கலாம்.

ஆகவே கோன் திருவுள்ளப்படி அறிக. இனி இவ்வழி இரண்டாகும். தலைநகர் தொட்டுப் புங்கஞ்சேரி வரை வேறொருவன், அங்கிருந்து கோட்டை வரை எயினன். ஓலை பந்தலில் கை மாறும். மக்களைப் பெற்ற ஓலைக்காரன் எவனாயினும் ஒருநாள் ஓடினால் மறுநாள் வீட்டிலிருப்பான். அந்நாளில் அவனைக் கூப்பிடுவது கோட்டைத் தலைவரேயாயினும் குற்றமே.

இவ்வோலையைக் கொணர்ந்து தங்கள் முன் நிற்பவன் எயினனே. பிறனொருவன் கொணர்ந்தால் தாங்கள் இவன் முகத்தைப் பார்க்கமாட்டீர்கள் என்றே இவனை அனுப்பினோம். உள்ளே இருப்பதை இவன் அறியான். தன் நீக்கோலையைத் தானே சுமப்பதாக எண்ணி, தண்டனையாயின் வேறொருவர் கொண்டுபோகட்டும் என்று கைகூப்பி வேண்டினான். நாம் ஓலையை அவன் கையிலேயே வைத்தோம். முத்திரை உடையும் வரை பழைய சட்டமே செல்லுமாதலால், இம்முறையும் தன் வாசலை ஓடியே கடந்திருப்பான்.

இவ்வோலைக்குத் தங்கள் மறுமொழி வேறொருவன் கையில் வரட்டும். எயினன் கையில் ஓர் ஓலை நறுக்கும் கொடுக்க வேண்டா, வெறுங்கையோடு அனுப்புக.

கோன் கேட்க, நாம் சொல்ல, மயில் முத்திரை இட்டு விடுத்தது. முத்திரை உடைந்தாயிற்று, இன்னும் அவனை ஏன் நிறுத்தி வைத்திருக்கிறீர்கள்?