ஸ்பீக்கரில் சொல்ல முடியாதது

கெடார்,
புரட்டாசி முதல் சனிக்கிழமை.

அன்புள்ள மாமாவுக்கு, சித்ரா எழுதுவது.

பன்னிரண்டு வருடமாகப் போனிலேயே குடும்பம் நடத்திவிட்டு இப்போது என்ன புதிதாகக் கடிதம் என்று கேட்பீர்கள். குவைத்தில் உங்கள் அறையில் எட்டுப் பேர். நீங்கள் போனை ஸ்பீக்கரில் போட்டுவிட்டு வெங்காயம் நறுக்கிக்கொண்டேதான் என்னோடு பேசுவீர்கள். இந்தப் பக்கம் ரோஜா அண்ணி போனைக் கையில் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். தம்பியின் குரல் ஒரு சொல் விடாமல் உங்கள் அக்காவுக்குக் கேட்க வேண்டும். இவ்வளவு பேருக்கு நடுவில் நான் எதைப் பேசுவது? சாப்பிட்டீர்களா, இங்கே மழை இல்லை, மாடு சினை நிற்கவில்லை. அதோடு முடிந்தது.

உங்கள் கம்பெனி சவுரிராயன் அண்ணன் லீவு முடிந்து நாளைக்குக் கிளம்புகிறார். திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுக்கு வந்தால் பார்சல் வாங்கிக்கொள்கிறேன் என்று சொல்லியிருக்கிறார். மல்லாட்டை உருண்டை, கேப்பை மாவு, மிளகாய்த்தூள் வைத்திருக்கிறேன். கடிதம் மிளகாய்த்தூளுக்கு அடியில் இருக்கிறது. பாத்ரூமில் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டாவது தனியாகப் படியுங்கள்.

கொல்லை மல்லாட்டை பிடுங்கி ஆயிற்று. இந்த வருஷம் கடலை சிறுத்துவிட்டது. போர் மோட்டாரை தேவா வந்து சரி செய்து கொடுத்தான். அண்ணி மகன் என்பதற்காகச் சொல்லவில்லை, நல்ல பிள்ளை. நம் கலைப்பிரியாவை மட்டும் ஓயாமல் சீண்டிக்கொண்டிருக்கிறான். அவளும் சும்மா இருப்பதில்லை.

விஷயம் கலையின் ஊசி. பதினாலு வயதுப் பெண்பிள்ளைகளுக்கு அரசாங்கத்தில் புதிதாகப் போடுகிறார்களே, கர்ப்பப்பை வாயில் புற்றுநோய் வராமல் இருக்க, அதுதான். இந்தச் சொல்லை ஸ்பீக்கரில் எட்டு ஆண்பிள்ளைகளுக்கு முன்னால் நான் எப்படிச் சொல்வேன்? பொம்பளைப் பிள்ளைகளுக்கு ஒரு ஊசி என்று மட்டும் சொன்னேன். நீங்கள் எடுத்த எடுப்பில், அதெல்லாம் ஒண்ணும் வாணாம், அவனுங்க டெஸ்ட் பண்ணிப் பாக்க எம் பொண்ணுதான் கெடச்சாளா என்று கத்தினீர்கள். உங்கள் அறைக்காரர் யாரோ கரெக்ட்டு மச்சான் என்றதுகூட இங்கே கேட்டது. அண்ணி அன்றைக்குச் சாயங்காலமே, தம்பி வாணான்னுட்டான் என்று தெரு முழுக்கச் சொல்லிவிட்டார்.

நம்மூரில் ஊசி போட்ட பெண் மயங்கி விழுந்துவிட்டாள் என்று உங்களுக்கு யாரோ வாட்ஸப்பில் அனுப்பினார்களே, அது நடந்தது உண்மைதான். எப்படி நடந்தது என்று கூடவே இருந்த நான் சொல்கிறேன். பள்ளிக்கூடத்தில் ஊசி போட வந்தது ஆடி மூன்றாவது வெள்ளி. ஊரில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டியிருந்தது, அன்றைக்குக் கூழ் ஊற்றுகிற நாள். நம் தெருப் புனிதா தன் மகளைக் கூழ் ஊற்றும்வரை பச்சைத் தண்ணீர் பல்லில் படாமல் வைத்திருந்தாள். அந்தப் பிள்ளை விரதத்தோடு பள்ளிக்கூடம் போய், வெயிலில் வரிசையில் நின்று ஊசி போட்டுக்கொண்டது. ஏதாவது சாப்பிட்டாயா என்று நர்ஸ் கேட்டதற்கு, சாமிக்குத்தம் ஆகிவிடுமோ என்று பயந்து சாப்பிட்டேன் என்று பொய் சொல்லியிருக்கிறது. எழுந்ததும் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டது. பத்து நிமிஷத்தில் மோர் குடித்துவிட்டு எழுந்து நடந்தே வீட்டுக்குப் போனது. அதற்குள், காப்புக் கட்டின ஊர்ல ஊசி குத்துனா ஆத்தா சும்மா இருப்பாளா என்று ஊரே கிளம்பிவிட்டது. மீதிப் பிள்ளைகளை அம்மாமார்கள் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வந்தார்கள். நானும்தான் இழுத்துக்கொண்டு வந்தேன். அண்ணி பள்ளிக்கூட வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார், எனக்கு வேறு வழி தெரியவில்லை.

ஊசி போட வந்த அம்சா நர்ஸ் அதற்குப் பிறகு நாலு தடவை நம் வீட்டுக்கு வந்தார். பாவம், அந்த அம்மாவுக்கு முட்டி வலி. தெருத்தெருவாக ஒரே பதிலைச் சொல்லிச் சொல்லிக் குரலே கட்டிப்போயிருந்தது. அண்ணி விட்டாரா? நாளைக்கு எங்க ஊட்டுக்கு வர வேண்டிய பொண்ணு, புள்ள நிக்காம போயிட்டா நீ வந்து பெத்துத் தருவியா என்று கேட்டார். அத்தை மகன் முறை என்று கலை பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிறாரே, அந்த உரிமை. நர்ஸ் கோபித்துக்கொள்ளவில்லை. பிள்ளை பெறுவதற்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தமே இல்லை, மாதாமாதம் வருவதும் தள்ளிப்போகாது, பல தேசங்களில் பல வருடமாகப் போடுகிறார்கள், நமக்குத்தான் இது புதுசு என்று பொறுமையாகச் சொன்னார். கை வலிக்கும், சில பிள்ளைக்கு ஒரு நாள் காய்ச்சல் அடிக்கும், அதையும் மறைக்கவில்லை. கல்யாணம் ஆகாத பிள்ளைக்கு எதற்கு என்று நான் கேட்டேன். அந்த நோயைக் கொடுக்கிற கிருமி ஒட்டுவதற்கு முன்னாலேயே போட்டால்தான் நன்றாகக் காக்கும், மழை வந்த பிறகு கூரை வேய்வீர்களா என்றார். ஊசி போட்டாலும் முப்பது வயதுக்கு மேல் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும், எல்லாவற்றையும் இது தடுத்துவிடாது என்றும் சொன்னார். உள்ளதை உள்ளபடி சொல்கிற பொம்பளை. அதனால்தான் எனக்கு நம்பிக்கை வந்தது.

நம்பிக்கை வந்ததால் வாய் சும்மா இல்லாமல், அப்ப எனக்கும் அந்த ஊசியைப் போட்டு விட்ருங்களேன் என்று விளையாட்டாகக் கேட்டுவிட்டேன். உனக்கு ஊசி இல்ல, மொதல்ல டெஸ்ட்டு என்றார். கூடவே சில கேள்வி கேட்டார். ஒரு வருடமாக எனக்கு நாள் கணக்கு இல்லாமல் தீட்டுப் படுகிறது. சூடு என்று வெந்தயம் ஊறவைத்துக் குடித்துக்கொண்டிருந்தேன், தொப்புளில் விளக்கெண்ணெய் வைத்துக்கொண்டிருந்தேன். போனில் டல்லா இருக்கியே என்று நீங்கள் கேட்டபோதெல்லாம் வெயில் என்றேன்.

நர்ஸ் கெடார் ஆஸ்பத்திரிக்கு அழைத்துப் போனார். அங்கே மருந்து தடவிப் பார்த்துவிட்டு முண்டியம்பாக்கம் பெரிய ஆஸ்பத்திரிக்குச் சீட்டு எழுதினார்கள். தனியாகப் போகப் பயமாக இருந்தது. யாரைக் கூப்பிடுவது? அண்ணியைத்தான் கூப்பிட்டேன். வழியெல்லாம் திட்டிக்கொண்டே வந்தார். நல்லாக்கீறவளுக்கு எதுக்கு ஆஸ்பத்திரி, பஸ்ஸுல இடிபட்டுக்கினு, இந்த நர்ஸு பேஜாரு பண்ணிக்கினு கீறா என்றார். ஆனால் என் பையை அவர்தான் தூக்கிக்கொண்டு வந்தார்.

டாக்டரம்மா அண்ணியை வைத்துக்கொண்டே என்னிடம் கேட்டார். நடுவில் படுகிறதா, நாற்றம் உண்டா, அடிமுதுகில் வலி உண்டா என்று ஒவ்வொன்றாகக் கேட்கக் கேட்க அண்ணி முகம் வெளுத்துப்போயிற்று. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தவர் எழுந்திருக்கவே இல்லை. எங்க அம்மாவுக்கும் இப்படியேதான்டி இருந்துச்சி என்றார். உங்கள் அம்மா வயிற்றுக்கட்டி வந்து போனார்கள் என்றுதானே உங்களுக்குத் தெரியும்? கடைசி எட்டு மாதம் அவர்கள் துணியை யார் கண்ணிலும் படாமல் வாய்க்காலில் அலசிப் போட்டவர் அண்ணிதான். அப்போது அவருக்கே பதினேழு வயது. தம்பி சின்னப் பையன், அவன்கிட்ட இதையெல்லாம் எப்படிச் சொல்றது என்று இத்தனை வருடமும் சொல்லவில்லை. அந்தப் பெஞ்சில் இரண்டு பேரும் வாய்விட்டு அழுதோம். டீக்கடைக்காரர் இரண்டு டீயைக் கேட்காமலே கொண்டுவந்து வைத்துவிட்டுப் போனார்.

இது பரம்பரையாக வருகிற நோய் இல்லை, கிருமியால் வருவது என்று டாக்டரம்மா சொன்னார். கல்யாணம் ஆன யாருக்கும் ஒட்டும், எப்போது ஒட்டியது என்று யாராலும் சொல்ல முடியாதாம். இதைப் படித்துவிட்டு நீங்கள் என்னையும் சந்தேகப்பட வேண்டாம், உங்களையும் நொந்துகொள்ள வேண்டாம். இந்த ஒரு வரியை எழுதத்தான் எனக்கு இரண்டு நாள் ஆயிற்று.

சதை எடுத்து அனுப்பிய ரிசல்ட் போன புதன்கிழமை வந்தது. அதுதான். ஆரம்பத்திலேயே பார்த்துவிட்டார்கள், வேறெங்கும் பரவவில்லை. கர்ப்பப்பையை எடுத்துவிட வேண்டும், தீபாவளிக்கு முன்னால் ஆபரேஷன். காப்பீட்டு அட்டையில் பார்த்துக்கொள்வார்கள். அண்ணி கூட இருப்பார், மாட்டுக்குத் தேவா இருக்கிறான். நீங்கள் லீவு கேட்டு அலைய வேண்டாம். கலைக்கு இன்னும் சொல்லவில்லை. அவளிடம் நானே சொல்லிக்கொள்கிறேன்.

இப்போது ஊசிக்கு வருகிறேன். அண்ணிக்கு மனசு மாறிவிட்டது. ஆனால், தம்பி வாணான்னுட்டான்னு நானே ஊரெல்லாம் சொல்லிட்டேன், இப்ப நானே போடுன்னு சொன்னா என்னைக் காறித் துப்ப மாட்டாங்களா, அவன் வாயால சொல்லட்டும் என்கிறார். உங்கள் அக்காவின் வீறாப்பு உங்களுக்குத் தெரியாததா? சம்மதப் பாரத்தில் என் கையெழுத்தே போதும் என்று நர்ஸ் சொல்கிறார். போட்டுவிடுவேன். ஆனால் நீங்கள் வேண்டாம் என்றதை மீறி என் பிள்ளைக்கு நல்லது செய்ய எனக்குப் பிடிக்கவில்லை. எனக்கு இப்போது சண்டை போடத் தெம்பும் இல்லை மாமா.

அக்டோபர் பதினொன்றாம் தேதி கலைக்குப் பதினைந்து முடிகிறது. அதற்குப் பிறகு இந்த இலவச ஊசி அவளுக்குக் கிடையாது. கெடார் ஆஸ்பத்திரியில் வியாழக்கிழமைதான் போடுகிறார்கள். மூன்று வியாழன் இருக்கிறது, நீங்கள் போன் செய்கிற வெள்ளிக்கிழமைக்குள் அதிலும் ஒன்று போய்விடும். அதனால் இந்த வெள்ளிக்கிழமை பேசும்போது ஸ்பீக்கரை அணைக்க வேண்டாம். எட்டுப் பேரும் கேட்கட்டும். அக்கா, வியாழக்கிழமை கலையை வயிறாரச் சாப்பிட வைத்து அழைத்துப்போய் ஊசி போட்டுக்கொண்டு வா என்று சத்தமாகச் சொல்லுங்கள். அந்த எட்டுப் பேர் வீட்டிலும் பெண்பிள்ளை இருக்கும். என்னைப் பற்றி மட்டும் அன்றைக்குக் கேட்காதீர்கள். கலை பக்கத்தில் இருப்பாள்.

வெயிலில் தொப்பி இல்லாமல் வேலை செய்யாதீர்கள். குலதெய்வம் உங்களைக் காக்கட்டும். நம் பிள்ளைக்கு என் நிலைமை வராமல் காப்பது உங்கள் ஒரு வார்த்தையில் இருக்கிறது.

இப்படிக்கு,
உங்கள் சித்ரா.

ஞாயிறு, திண்டிவனம் பஸ் ஸ்டாண்ட்.

சவுரிராயன் அண்ணன் வர அரை மணி ஆகும் என்று போன் செய்தார். பார்சலைப் பிரித்து, கடிதத்தை எடுத்து, மடியில் வைத்து எழுதுகிறேன். எழுத்து கோணலாக இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். அண்ணி பக்கத்தில்தான் உட்கார்ந்திருக்கிறார். என்ன எழுதுகிறாய் என்று கேட்டார். மிளகாய்த்தூளை வெயிலில் வைக்கச் சொல்லி எழுதுகிறேன் என்றேன்.

லீவு கேட்டு அலைய வேண்டாம் என்று மேலே எழுதியிருக்கிறேன். நேற்று எழுதும்போது மனசறிந்துதான் எழுதினேன். இங்கே சென்னை பஸ்ஸில் பெட்டியோடு ஏறுகிறவர்களைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறேன் மாமா, எனக்குப் பயமாக இருக்கிறது. கேட்டுப் பாருங்கள். கிடைத்தால் வாருங்கள்.