பேரம் பேசாதவன்

மே 12
எங்கள் சின்ன ஃபைபர் படகின் இஞ்சின் இன்னும் மெக்கானிக்கிடம்தான். என் வீட்டுக்காரர் லூர்துசாமி கடலுக்குப் போய் ஒன்பது நாள் ஆகிறது. மீன் இல்லாவிட்டால் எனக்கும் திருவான்மியூர் மார்க்கெட்டில் வேலையில்லை. போனில் கேம் ஆடி இன்று நூற்றிருபது ரூபாய். இவருக்குத் தெரியாது.

தெருமுனை டெய்லர் புஷ்ரா சொல்லிக்கொடுத்த வழி. கேமில் சேர்க்கும் தங்கத்தை ஆட்கள் நிஜப் பணத்துக்கு வாங்குகிறார்கள். கேமுக்குள் தனித்தனி ஊர் மாதிரி சர்வர்கள் உண்டு. பழைய சர்வரில் எல்லாரிடமும் குவிந்து கிடப்பதால் லட்சம் தங்கம் நாற்பது ரூபாய்க்குக்கூடப் போகாது. போன வாரம் திறந்த சர்வரில் அதே லட்சம் முந்நூறு. அங்கே உள்ளதை இங்கே கொண்டுவர முடியாது. எனக்கா புரியாது? காசிமேட்டில் ஒரு விலை, கொட்டிவாக்கத்தில் ஒரு விலை விற்கும் வஞ்சிரம்தானே!

மே 19
புது சர்வரிலும் கூட்டம் சேர்ந்து, விலை நூற்றைம்பதுக்கு இறங்கிவிட்டது. ஆனால் ஒருவன் இன்னும் முந்நூறு போட்டே என்னிடம் சேர்ந்திருந்த பத்து லட்சத்தையும் வாங்கினான். பேரமே பேசவில்லை. மூவாயிரம் ரூபாய்! சரியான ஏமாளி என்று சிரித்தேன்.

மே 23
மெக்கானிக்குக்குப் பணம் அனுப்பினால் போகவில்லை. பேங்கில் கேட்டேன். கணக்கை முடக்கியிருக்கிறார்களாம். அந்த மூவாயிரம் யாரிடமோ திருடிய பணமாம், சைபர் கிரைமில் புகாராம். உள்ளே இருபத்தெட்டாயிரம் இருக்கிறது. இஞ்சினுக்கென்று நாங்கள் சேர்த்த மொத்தப் பணமும் அதுதான். மாதாவே, இவருக்கு என்ன சொல்வேன்?

மே 24
போன் அடித்தால் எடுப்பதில்லை. போலீஸா? என்னைப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்களா?
“இன்னா ரோஸி, மூஞ்சி ஒரு மாரி கீது? பணம் போட்டுட்டியா?” என்றார் இவர். நெட் இல்லை என்று பொய் சொன்னேன்.
செவுளைத் தூக்கிப் பார்க்காமல், விலை குறைக்கச் சொல்லாமல் ஒருத்தர் மீன் வாங்கினால் நோட்டை வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கிறவள் நான். போன்ல வந்தா மட்டும் எங்கடி போச்சு உன் புத்தி?

மே 25
சொல்லிவிட்டேன். கத்துவார் என்று நினைத்தேன், கத்தினார். பிறகு சட்டையை மாட்டினார். “வா, நானும் வரேன். ஒண்டியா போவாத.”

மே 27
ஸ்டேஷனில் ஒரு பெண் அதிகாரி. இரண்டு சர்வரையும் திறந்து காட்டினேன். “எல்லாரும் நூத்தம்பதுக்கு வாங்கும்போது அவன் முந்நூறு குடுக்குறான். உங்களுக்குத் தோணவே இல்லையாம்மா?” என்று கேட்டார். பணத்தை இழந்தவர் சேலத்தில் ஓய்வுபெற்ற டீச்சராம். மூவாயிரத்தையும் அவருக்கே திருப்ப எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 9
கணக்கு திறந்தாச்சு. கேமை அழித்தேன்.

ஜூன் 14
இஞ்சின் வந்து முதல் பாடு. இவர் பிடித்து வந்த மீனோடு மார்க்கெட்டில் உட்கார்ந்தேன். காரில் வந்த ஒரு அம்மா விலை கேட்டார். சங்கரா கிலோ ஐந்நூறு என்றேன். “சரி, ரெண்டு கிலோ போடுங்க” என்று போனை நீட்டினார். என் கை தானாக ஸ்கேன் அட்டையை மறைத்தது.
“இன்னாம்மா நீ, கொஞ்சம் கொறச்சிக் கேளேன்” என்றேன்.