பச்சைச் சுடர்

ஜூன் 12

பதினொன்றாம் வகுப்புக்கு இன்று அணு அமைப்பு. வழக்கம்போல எல்லோரும் சூரியனைச் சுற்றும் கோள்கள் மாதிரி வட்டம் வட்டமாக வரைந்திருந்தார்கள். அழிக்கச் சொன்னேன். எலக்ட்ரானுக்கு அப்படி ஒரு பாதை கிடையாது. அது இருக்க வாய்ப்பு அதிகமுள்ள இடத்தைத்தான் ஆர்பிட்டால் என்கிறோம் என்றேன். உடனே ஏனம்மா எழுந்தாள். எதற்கெடுத்தாலும் ஏன், ஏன் என்று கேட்பதால் வகுப்பு அவளுக்கு வைத்த பெயர்.

"அப்போ அது எங்க இருக்குன்னு உங்களுக்கே தெரியாதா மிஸ்?"

தெரியாது என்றேன். வகுப்பே சிரித்தது. நானும்தான்.

வீட்டில் இவரிடம் சொன்னேன். பக்கத்து வகுப்புக்கு இவர்தான் வேதியியல். வாயால் சொன்னால் ஏறாது, கண்ணால் காட்டவேண்டும் என்றார். நாளை இரண்டு வகுப்புகளையும் ஆய்வகத்தில் உட்காரவைத்து உப்புகளை எரித்துக் காட்டப்போகிறாராம். சூட்டில் எலக்ட்ரான் மேல்மட்டத்துக்குத் தாவும். திரும்பக் கீழே இறங்கும்போது ஒளி விடும். ஒவ்வோர் உலோகத்துக்கும் ஒரு நிறம். எனக்கே ஆசையாக இருக்கிறது.

ஜூன் 13

எழுத முடியவில்லை. கையில் இன்னும் அந்த வாடை.

ஜூன் 14

கிண்ணங்களில் மெத்தனால் என்ற எரிசாராயத்தை ஊற்றி, ஒவ்வொன்றிலும் ஓர் உப்பைப் போட்டு இவர் பற்றவைத்தார். லித்தியம் சிவப்பாக எரிந்தது. சோடியம் மஞ்சள். தாமிரம் பச்சை — பிள்ளைகள் ஓவென்று கத்தினார்கள். பச்சை அடங்கியது. அணைந்துவிட்டதென்று நினைத்து இவர் மெத்தனால் கேனை அப்படியே அந்தக் கிண்ணத்தில் சாய்த்தார். அணையவில்லை. மெத்தனாலின் சிறு சுடர் பகல் வெளிச்சத்தில் கண்ணுக்குத் தெரியாது. இது எங்கள் இருவருக்கும் தெரியும்தானே? தெரிந்துமா?

கேனின் வாயிலிருந்து தீ நீளமாகப் பாய்ந்தது. நேராக முதல் பெஞ்சுக்கு. ஏனம்மாவின் மேல்.

என் கோட்டைக் கழற்றி அவளைச் சுற்றி அமுக்கினேன். அவள் கத்தவே இல்லை. அதுதான்... ஐயோ, அந்தப் பிள்ளை ஒரு சத்தம்கூடப் போடவில்லையே. கழுத்து, தாடை, வலது கை. பிழைத்துக்கொள்வாள் என்கிறார் டாக்டர்.

ஜூன் 16

தலைமையாசிரியர் அறையில் விசாரணை. இவர் நிதானமாகச் சொன்னார்: "அந்தப் பொண்ணு எட்டிப் பாக்க வந்து கேனத் தட்டிவிட்டுட்டா."

பக்கத்து நாற்காலியில் நான். காதில் விழுந்தது என்ன என்பதே எனக்கு உறைக்கச் சில நொடிகள் ஆயின. பிறகு என் பக்கம் திரும்பி, "இவளும் பாத்தா" என்றார்.

தலைமையாசிரியர் என் மௌனத்தையும் சேர்த்து எழுதிக்கொண்டார். பதினாறு வருடம் ஒரே வீட்டில் இருந்த மனுஷனா இது?

ஜூன் 17

சோறு இறங்கவில்லை. அவர் சாப்பிட்டார்.

ஜூன் 18

காலையிலேயே தலைமையாசிரியரிடம் போய்ச் சொல்லிவிட்டேன். அவள் பெஞ்சைவிட்டு எழவே இல்லை. ஊற்றியது என் கணவர். தடுக்காமல் பக்கத்தில் நின்று ரசித்தது நான்.

வீட்டுக்கு வந்து அவரிடமும் அதையே சொன்னேன். கோபப்படுவார் என்று பார்த்தால் சுவரையே பார்த்துக்கொண்டிருந்தார். "பயந்துட்டேன்டி" என்றார். பையில் நாலு சட்டையைத் திணித்துக்கொண்டு அவருடைய அக்கா வீட்டுக்குப் போய்விட்டார்.

ஜூன் 27

மருத்துவமனை. ஏனம்மா தூங்கிக்கொண்டிருந்தாள். அவள் அம்மா வெளியே வந்து தாழ்ந்த குரலில் பேசினார். "நீங்க உண்மையச் சொன்னீங்கன்னு கேள்விப்பட்டோம். அதுக்காக நாங்க மன்னிச்சுட்டோம்னு மட்டும் நெனச்சுக்காதீங்க."

நினைக்கவில்லை என்றேன்.

ஜூலை 30

வந்துவிட்டாள். கழுத்தில் மெல்லிய துணி. வகுப்பு முழுவதும் எழுந்து நின்றது. நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 9

அவருக்கு வேலை போய்விட்டது. உத்தரவு நேற்று வந்ததாம்.

மாலையில் மீதித் துணிகளை எடுத்துப்போக வந்தார். முகம் ஒட்டிப்போயிருந்தது. பீரோவைத் திறந்துவிட்டு எதையும் எடுக்காமல் நின்றார்.

"அந்தப் பொண்ணு வீட்டுக்குப் போயிட்டுத்தான் வரேன். நான்தான் ஊத்துனேன், பொய்யும் சொன்னேன்னு அவ முன்னாடியே சொல்லிட்டேன். அவங்கம்மா கதவ மெதுவா சாத்திக்கிட்டாங்க."

இருங்கள் என்று நான் சொல்லவில்லை. போங்கள் என்றும் சொல்லவில்லை. உள்ளே போய் உலையில் இன்னொரு பிடி அரிசி போட்டேன்.