பகலில் பாடும் முறை

நேற்று ஓசூரிலிருந்து பாகலூர் போகும் டவுன் பஸ்ஸில், எனக்கு முன் இருக்கையில் ஒரு சிறுமி அம்மாவின் மடியில் உட்கார்ந்து பாடிக்கொண்டு வந்தாள். வாயைத் திறக்காமல். இரண்டு விரல்களைத் தலைமேல் கொம்பாக வைத்தாள். உள்ளங்கையை நெற்றியில் கூரையாக்கித் தூரத்தில் தேடினாள். பிறகு எதையோ குனிந்து தூக்கித் தோளில் போட்டுக்கொண்டாள். பக்கத்தில் நின்றிருந்த பெண்மணி உச்சுக்கொட்டி, "பாவம், வாய் பேசாத புள்ளையா?" என்று கேட்டார்.

"யாருக்கு வாய் பேசாது? ஒரு நாளு எங்கூட்ல வந்து இருந்து பாருங்க, காது கிழிஞ்சிரும்" என்றார் அம்மா. "முன்ன இருந்த லைன்ல சர்ச்சுக்காரங்க சொல்லிக்குடுத்த பாட்டு. இப்படித்தான் பாடணுமாம்."

நான் இறங்க வேண்டிய நிறுத்தம் போய்விட்டது. அடுத்ததில் இறங்கித் திரும்பி நடந்தேன். நடந்த தூரம் முழுக்க உன்னோடுதான் பேசிக்கொண்டு வந்தேன். நீ போய் நான்கு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் வாயடைத்துத்தான் இருக்கிறது. கமிட்டிக் கூட்டங்களில் மட்டும் பேசுகிறேன்.

மூக்கண்டப்பள்ளியில் வாரம்தோறும் சிறுவர் ஊழியம் என்று சபை தீர்மானம் போட்டபோது நம் இருவரையும் நியமித்தார்கள். நீ ஆசிரியர், நான் செயலாளர். அதாவது வேலை செய்வது நீ, வேலை நடந்ததாக எழுதுவது நான். நம் நட்பு இந்த ஏற்பாட்டில்தான் வளர்ந்தது. சனிக்கிழமை மதியம் மூன்று மணி, லைன் வீடுகளின் நடுவே இருந்த முற்றம், நான்கு பாய், ஒரு பை நிறைய படங்கள். எதிரெதிராக இரண்டு வரிசை, ஓர் அறைக்கு ஒரு குடும்பம். கல்லாவிப் பக்கத்திலிருந்து வந்தவர்கள், தெலுங்கு பேசுகிறவர்கள், கன்னடம் பேசுகிறவர்கள், ஒடிசாவிலிருந்து வந்தவர்கள். நிலத்தில் ராகி போடுவதை விட்டுவிட்டு அறைகள் போட்ட வீட்டுக்காரர், நாம் அனுமதி கேட்டபோது ஒரே நிபந்தனைதான் விதித்தார். "சாமி எதுவா இருந்தா எனக்கென்ன, ரோஜாச் செடிய மட்டும் மிதிக்காதீங்க."

முதல் சனிக்கிழமை உனக்கு நினைவிருக்கும். நான் ஒலிபெருக்கி கொண்டு வந்திருந்தேன். நீ ஓரத்தில் ஜால்ரா கோத்த டாம்பரின் தட்டை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாய். மூன்றாவதற்குள் ஒரு கதவு திறந்தது. லுங்கியும் சிவந்த கண்ணுமாக மாதேஷ் வெளியே வந்தார்.

"இன்னொரு தட்டு தட்டினீங்க, அத வாங்கி அடுப்புல போட்டுருவேன்!"

என் மனத்தில் அறிக்கையின் முதல் வரி உருவாகிவிட்டது. 'ஊழியத்துக்குத் தொடக்கத்திலேயே கடும் எதிர்ப்பு எழும்பியது.' இப்படி ஒரு வரி கிடைக்காதா என்று செயலாளர்கள் ஏங்குவார்கள். நீ அதைக் கெடுத்தாய். "அண்ணே, எந்த ஷிஃப்ட்டு?" என்று கேட்டாய்.

"நைட்டு. காத்தால வந்து இப்பதான் கண்ணு சொக்குது. தூங்காம போய் பிரஸ் மிஷின்ல கைய குடுத்தேன்னா உங்க ஏசுவா வந்து எடுப்பாரு?"

"எடுக்க மாட்டாருண்ணே. நீங்க தூங்குங்க." தட்டைப் பைக்குள் வைத்தாய். பிள்ளைகள் பக்கம் குனிந்து, "இனிமே நம்ம பாட்டு வாயில இல்ல, கையில" என்று கிசுகிசுத்தாய்.

அன்றைக்கு ஆரம்பித்தது. காணாமல் போன ஆட்டுக்கு இரண்டு விரல், தேடுகிற மேய்ப்பனுக்கு உள்ளங்கை. கதையையும் குசுகுசுவென்றே சொன்னாய். நாற்பது பிள்ளைகள் ஒருவர் முதுகில் ஒருவர் சாய்ந்து முன்னால் நெருங்கி வந்து கேட்டார்கள். சத்தமாகச் சொல்லியிருந்தால் பாதிப் பேர் எழுந்து ஓடியிருப்பார்கள். எவனாவது வாய் திறந்தால் கன்னடப் பிள்ளை "சும்னிரு!" என்று அதட்டும், அந்த அதட்டலும் கிசுகிசுப்பாகத்தான் இருக்கும். ஒரு மாதத்தில் மொத்த லைனும் நம்மிடம் வந்துவிட்டது. சுவிசேஷத்தின் வல்லமை என்று எழுதினேன். உண்மையில் அம்மாக்கள் பிள்ளைகளைத் தள்ளிவிட்டார்கள். "போங்க போங்க, அங்க போயி பாடுங்க, அப்பா தூங்கட்டும்." வாரத்தில் அந்த ஒரு மணி நேரந்தான் அந்த முற்றத்தில் யாரும் கத்தாத நேரம்.

சபையின் ஆண்டு விழாவில் நம் பிள்ளைகளை மேடையேற்றியது என் யோசனை. ஐந்து மைக் வைத்தார்கள். பிள்ளைகள் வரிசையாக நின்று, முழுப் பாட்டையும், சரணம் விடாமல், கையால் பாடினார்கள். மைக் செட்காரர் வேர்த்து விறுவிறுத்து மேடைக்கு ஓடிவந்து ஒவ்வொரு மைக்காகத் தட்டிப் பார்த்தார். அடுத்த கமிட்டியில் ஒரு மூப்பர் உன்னை நிற்க வைத்துக் கேட்டார்.

"இத்தனை வருஷத்துல எத்தனை ஆத்துமா ரட்சிக்கப்பட்டிருக்கு தம்பி?"

"கணக்கு தெரியலங்கய்யா. தூங்குறவங்க ஒரு இருபது பேரு இருக்காங்க. எழுப்பிக் கேக்கட்டுமா?"

நான் குறிப்பேட்டுக்குள் முகத்தைப் புதைத்துக்கொண்டேன். சிரிப்பை அடக்கத்தான் செயலாளர்களுக்குக் குறிப்பேடு கொடுக்கிறார்கள்.

இனி எழுதப்போவது எனக்குக் கடினமான பகுதி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு ஆசிரியர்களுக்கு ஆயத்தக் கூட்டம் உண்டல்லவா? அதைக் கொண்டுவந்தவன் நான். தவறாமல் வர வேண்டும் என்ற விதியை எழுதியவனும் நான். நீ தவறாமல் வந்தாய். கடைசி இரண்டு வருடம், ஜெபத்துக்குத் தலை குனிந்தால் நிமிர மறந்துபோவாய். ஒரு நாள் பன்னிரண்டு நிமிடம். கைக்கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கெடுத்தேன். நடவடிக்கைக் குறிப்பில் இப்படி எழுதினேன்: 'ஆசிரியர்களில் ஒருவர், மற்றவர்கள் ஆமென் சொன்ன பின்பும், ஜெபத்தில் உறுதியாய்த் தரித்திருந்து சபைக்கு முன்மாதிரியானார்.'

நீ அதைப் படித்துவிட்டுக் கண்ணில் நீர் வரச் சிரித்தாய். "செக்ரட்டரி, இதைக் கமிட்டி படிச்சா?"

"படிக்காது. அந்தத் தைரியத்துலதான் எழுதினேன்."

அப்புறம் போகிற போக்கில் ஒன்று கேட்டாய். "இந்தப் பத்து மணிய சாயங்காலம் வச்சுக்கலாமாய்யா?"

"விதியில பத்து மணின்னு இருக்குப்பா" என்றேன்.

"சரி" என்றாய். மறுபடி கேட்கவே இல்லை.

அந்தச் சனிக்கிழமை மழை இல்லை, இருட்டும் இல்லை. மாலை ஐந்தரை. பிள்ளைகளை அனுப்பிவிட்டுப் பாகலூர் சாலையில் பைக்கில் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தாய். சாலையோரம் ரோஜா வளர்க்கும் பிளாஸ்டிக் கூடாரத்தில் வேலை செய்கிற ஒருவர் பார்த்திருக்கிறார். உன் கைபேசியில் கடைசியாக இருந்த எண் என்னுடையது என்பதால் அவர் என்னை அழைத்தார். நான் போய்ச் சேர்ந்தபோது உன்னைக் கொண்டு போய்விட்டிருந்தார்கள். வண்டி மட்டும் பள்ளத்தில் கிடந்தது.

"யாரும் மோதல சார்" என்றார் அவர், நான் கேட்காமலே. "எதிர்ல வண்டியே இல்ல. ரோடு திரும்புச்சு, அவரு திரும்பல."

எனக்குப் புரியவில்லை. தொழிற்சாலையில் தரச் சோதனைப் பிரிவில் இருக்கிறவன் புத்தி, பள்ளத்தில் இறங்கி பிரேக்கை அழுத்திப் பார்த்தது. பிரேக் பிடித்தது. டயரில் காற்று இருந்தது. குறையே இல்லாத வண்டி. பார்த்துவிட்டு ஒரு நிம்மதிகூட வந்தது என்று சொன்னால் நீ மன்னிப்பாயா? பிறகு ஆஸ்பத்திரிக்குப் போனேன். உன் மனைவி சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்ததைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

அடக்க ஆராதனைக்கு லைன் வீட்டுப் பிள்ளைகள் வேன் பிடித்து வந்தார்கள். முன்வரிசையில் உட்கார வைத்தோம். அவர்களுக்குத் தெரிந்த அந்த ஆட்டுப் பாட்டைப் பாடகர் குழு எடுத்தது. குழு உரக்கப் பாட, பிள்ளைகள் நாற்பது பேரும் வாயை மூடிக்கொண்டு கையால் பாடினார்கள். முடிந்ததும் பாடகர் குழுத் தலைவர் வருத்தப்பட்டார். இன்றைக்காவது வாய் திறந்து பாடியிருக்கலாமே என்று மாதேஷிடம் கேட்டார்.

"பகல்ல எங்க புள்ளைங்களுக்கு இப்படித்தான் சார் பாடத் தெரியும்" என்றார் மாதேஷ். பிறகு என் பக்கம் திரும்பினார். "எங்களையெல்லாம் தூங்க வச்சுட்டு அவரு தூங்காமலே போயிட்டாரே சார்."

ஆறுதல் வார்த்தை என்றுதான் எடுத்துக்கொண்டேன். சாவு வீட்டில் எல்லாரும் கொஞ்சம் அழகாகப் பேசுவார்கள். தலையாட்டினேன்.

"ரெண்டு வருஷமா நைட்டு. யாரால முடியும்?"

"யாரு நைட்டு?"

மாதேஷ் என்னைப் பார்த்த பார்வையை எப்படி எழுதுவது? "அவருதான் சார். எங்க கம்பெனிக்கு வந்ததுலேர்ந்து நைட்டு மட்டுந்தான். நாங்கல்லாம் நைட்டு வேணாம்னு ஓடுவோம். அவரு ஒவ்வொருத்தர்கிட்டயும் கேட்டு மாத்தி வாங்கிக்குவாரு. உங்களுக்குத் தெரியும்னுல்ல நினைச்சோம்?"

எனக்குத் தெரியாது. பழைய கம்பெனியில் ஆள் குறைத்தார்கள், நீ மாதேஷ் வேலை செய்யும் இடத்துக்கு மாறினாய் என்பது தெரியும். ஒரே ஊரில், ஒரே சபையில், வாரத்துக்கு இரண்டு நாள் பார்த்துக்கொள்கிற நண்பன். முன்பின் தெரியாத மாதேஷிடம் நீ முதல் நாளே கேட்ட கேள்வியை நான் உன்னிடம் ஒரு தடவையும் கேட்டதில்லை.

அங்கேயே, உன் பெட்டிக்கு நான்கடி தள்ளி நின்றுகொண்டு, கணக்குப் போட்டேன். என்னால் தடுக்க முடியவில்லை. ஷிஃப்ட் வாரம் முழுக்க ஒன்றுதான். மூன்று மணிக்குப் பிள்ளைகளிடம் வர வேண்டுமென்றால் இரண்டு மணிக்குத் தொடங்கும் ஷிஃப்ட் ஆகாது. பத்து மணிக்கு என் கூட்டத்துக்கும் வர வேண்டுமென்றால் காலை ஷிஃப்ட்டும் ஆகாது. மீதி ஒன்றுதான். பிள்ளைகளுக்காக மட்டும் என்றால் காலை வேலை முடித்து இரண்டரைக்கு வந்திருக்கலாம், ஊரைப் போல இரவில் படுத்திருக்கலாம். உன்னை நைட்டில் பூட்டியது மூன்று மணி இல்லை. பத்து மணி.

கல்லறையிலிருந்து திரும்பியபோது உன் மனைவியிடம் கேட்டேன், வீட்டிலாவது சொன்னாரா என்று. "சனிக்கிழமை எப்ப தூங்குவீங்கன்னு நானும் கேப்பேன்ணா. காலைக் கூட்டத்துல பத்து நிமிஷம் அசந்துட்டேன், செக்ரட்டரி அதையும் எழுதி வச்சுட்டாருன்னு சிரிப்பாரு" என்றார். அவர் என்னைக் குத்திச் சொல்லவில்லை. அதனால்தான் தாங்க முடியவில்லை.

பொருத்தமான ஆசிரியர் கிடைக்கும்வரை மூக்கண்டப்பள்ளி ஊழியத்தை நிறுத்தி வைக்கலாம் என்றது கமிட்டி. நானே போகிறேன் என்றேன். எனக்குப் படம் வரையத் தெரியாது, கதை சொல்ல வராது என்பதை நண்பர்கள் அன்போடு எடுத்துரைத்தார்கள். போகத்தான் போகிறேன் என்றேன். இன்னொரு தீர்மானமும் கொண்டுபோனேன்: சனிக்கிழமை காலை ஆயத்தக் கூட்டம் ரத்து. காரணம் என்ற இடத்தில் 'ஆசிரியர்கள் தூங்க வேண்டும்' என்று எழுதியிருந்தேன். தூக்கம் ஆவிக்குரிய காரணமா என்பது பற்றி முக்கால் மணி நேரம் விவாதித்தார்கள். அந்த மூப்பர்தான் கடைசியில், "எழுதினபடியே இருக்கட்டும்" என்றார். அவர் என்னைப் பார்க்காமல் சொன்னார். நடவடிக்கைக் குறிப்பை, ஆமெனுக்குப் பின்பும் நீண்ட அந்த ஜெபத்தையும் சேர்த்து, அவர் எப்போதும் படித்துத்தான் வந்திருக்கிறார் என்று அப்போது தெரிந்தது.

இப்போது ஆசிரியர் நான். பிள்ளைகள் பொறுமைசாலிகள். "அங்கிள், ஆட்டுக்குக் கொம்பு இப்படி இல்ல. நீங்க மாட்டுக்கு வச்சிருக்கீங்க" என்று கிசுகிசுப்பாகத் திருத்துகிறார்கள். உன்னைப் பற்றி ஒருவரும் கேட்பதில்லை. பையிலிருந்து உன் படங்களை எடுத்தால் மட்டும் ஓரத்தைத் தொட்டுப் பார்க்கிறார்கள்.

போன சனிக்கிழமை, பாயை விரித்துக்கொண்டிருந்தபோது மாதேஷ் வந்தார். தலை சீவி, சட்டையைப் பேண்ட்டுக்குள் விட்டு, வேலைக்குச் சேர வந்தவர் போல நின்றார்.

"சார், இனிமே நானும் உங்ககூட நிக்கிறேன். பாய் போடறது, புள்ளைங்கள உக்கார வெக்கறது, எதுனா சொல்லுங்க. அவரு என் நைட்டெல்லாம் எடுத்துக்கிட்டாரு. ரெண்டு வருஷம் நான் ராத்திரி என் புள்ளைங்க பக்கத்துல படுத்தேன். சும்மா இருக்க மனசு வரல."

கண்கள் செங்கல் தூள் போலிருந்தன.

"இப்ப நைட்டா?"

"ஆமா சார். திரும்ப எங்களுக்கே வந்துருச்சு. பரவால்ல, பழகிக்கலாம்."

"போய்த் தூங்குங்க."

"இல்ல சார், ஒரு மணி நேரந்தானே…"

"போய்த் தூங்குங்க மாதேஷ்."

கொட்டாவியை மறைக்கப் பார்த்து முடியாமல் சிரித்தார். பிறகு போனார். அவர் கோபித்துக்கொள்ளவில்லை. ஊழியம் நின்றுவிடவில்லை. பத்தடி தள்ளி ஒரு கதவு சாத்திக்கொண்டது, அவ்வளவுதான். கடிகாரத்தைப் பார்த்தேன். ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.

உன்னிடம் அந்த இரண்டு வார்த்தையைச் சொல்ல எனக்கு இரண்டு வருடம் இருந்தது.