பாக்குவெட்டியால் வெட்ட முடியாத குளிசை

ராத்தா,

இன்றைக்கு ஆஸ்பத்திரியில் புதிய குளிசைப் பெட்டியைக் கையில் தந்தார்கள். வீட்டுக்கு வந்ததும் என்னை அறியாமலே அலுமாரியைத் திறந்து உங்கள் பாக்குவெட்டியை எடுத்துவிட்டேன். இன்னும் அதில் பாக்கு மணக்கிறது. பெட்டியைப் பிரித்தால் உள்ளே தூள் அடைத்த கப்சியூல்கள். வெட்டினால் கொட்டிப்போகும். பாக்குவெட்டியை மடியில் வைத்துக்கொண்டு கதிரையில் இருந்து அழுதேன்.

கொழும்பு கிளினிக்குக்குப் போகும் வான் வண்டியில் பழகி அக்கா தங்கச்சி ஆனவர்கள் நாங்கள். உங்களுக்கும் இரத்தப் புற்றுநோய், எனக்கும் அதுவே. திருகோணமலையில் ஏறும் நான் உங்களுக்கு யன்னலோரம் இடம் பிடித்து வைப்பேன். கிண்ணியாவில் ஏறியதும் வானில் உள்ள எல்லோருக்கும் இடியப்பப் பொட்டலம் நீட்டுவீர்கள். நோன்பு காலத்தில் உங்கள் வீட்டுக் கஞ்சி என் வீட்டுக் குசினிவரை வந்து சேரும். தனியாகத் தின்னத் தெரியாத மனுசி நீங்கள்.

அந்தப் பழக்கம்தான் எங்களைக் கெடுத்தது. நாட்டில் காசில்லாமல் போய் ஆஸ்பத்திரியில் குளிசை நின்றபோது, எங்களில் சிலரிடம் மிச்சம் இருந்தது, சிலரிடம் ஒன்றுமே இல்லை. உங்களிடம்தான் அதிகம் இருந்தது. பேரீச்சம்பழ டின் ஒன்றில் எல்லோருடையதையும் சேர்த்தீர்கள். ஒவ்வொன்றையும் இந்தப் பாக்குவெட்டியால் இரண்டாக வெட்டி ஆளுக்குப் பாதி கொடுத்தீர்கள். கஞ்சியைப் பங்கு வைக்கிற மாதிரித்தானே என்றீர்கள். படித்து அரசாங்கக் கந்தோரில் வேலை பார்த்த எனக்கும் அது பிழையாகப் படவில்லை. பாதி குளிசை பாதி சுகமாவது தரும் என்று நம்பினோம்.

அப்படி இல்லையாம். பாதி மருந்தில் நோய் சாகாது, அந்த மருந்துக்கே பழகிப்போகும் என்று டொக்டர் பிறகு ஏசினார். உங்கள் உடம்பில்தான் முதலில் அது நடந்தது. இனி வேறு மருந்துதான் என்றார். அதன் காப்புரிமை ஒரு வெளிநாட்டுக் கம்பனியிடம் இருந்தது. எங்கள் வீடுகளில் வாய்விட்டுக் கேட்கவே கூசும் விலை. ஆனால் அந்தக் கம்பனி தானாகவே முன்வந்து, வேறு தொழிற்சாலைகளும் ஏழை நாடுகளுக்காக அதை மலிவாகச் செய்து விற்க அனுமதி கொடுத்திருக்கிறது, அந்த நாடுகளில் எங்கள் நாடும் இருக்கிறது என்று டொக்டர் சொன்னார். நான் சந்தோசத்தில் உங்கள் கையைப் பிடித்தேன். நீங்கள் அவரையே பார்த்துக் கேட்டீர்கள்.

"குளிசையப் பங்கு வச்சாத்தான் குறையும். செய்முறையக் குடுத்தா என்ன குறையப் போகுது? அத ஏன் டொக்டர் இவ்வளவு காலமாக் குடுக்கல்ல?"

அவர் அடுத்த ஆளின் கோப்பை எடுத்துப் பிரித்தார்.

அனுமதி வந்தால் மருந்து வந்ததாக அர்த்தமில்லை என்பதை அதற்குப் பிறகுதான் படித்தேன். ஒரு தொழிற்சாலை அதைச் செய்யவேண்டும், இங்கே பதிவு செய்யவேண்டும், அரசாங்கம் வாங்கவேண்டும். எல்லோரும் ஆறுதலாக, அவசரமில்லாமல்தான் செய்தார்கள். உங்கள் இரத்தம் பொறுத்திருக்கவில்லை. அந்த அனுமதி இல்லாவிட்டால் இந்தப் பெட்டி என் மேசைக்கு வந்திராது, அது எனக்குத் தெரியும். ஆனாலும் மனதார நன்றி சொல்ல வாய் வரவில்லை, ராத்தா.

கடைசியாக உங்களைப் பார்க்க வந்தபோது தலையணைக்கு அடியில் இருந்து பாக்குவெட்டியை எடுத்து நீட்டினீர்கள்.

"இதக் கொண்டு போங்க தங்கச்சி. இங்க கிடந்தா, ஆராச்சும் வந்து கேட்டா திரும்பியும் வெட்டிக் குடுத்திடுவன். நீங்க கிடைக்கிறத முழுசா விழுங்குங்க. ஆருக்கும் பங்கு வைக்காதீங்க."

ஓம் என்று தலையாட்டினேன். உங்கள் வாயில் அப்படி ஒரு சொல் வரும் என்று நான் நினைத்திருக்கவில்லை.

இப்போது என் நோயும் பழைய குளிசைக்குக் கேட்பதில்லை. அதனால்தான் இந்தப் பெட்டி. வானில் எங்களோடு வரும் குச்சவெளி மீன்கார அண்ணன் பின்னேரம் போன் எடுத்தார். அவருக்கும் இதே மருந்துதான் எழுதியிருக்கிறார்கள். இருந்தது முடிந்துவிட்டது, அடுத்த முறை வரும்போது தருகிறோம் என்று திருப்பி அனுப்பிவிட்டார்களாம். என்னிடம் அவர் ஒன்றும் கேட்கவில்லை. உங்களுக்குக் கிடைத்ததே போதும் தங்கச்சி என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டார்.

நீங்கள் சொன்னபடி முழுசாகத்தான் விழுங்கினேன், ராத்தா. கதவைச் சாத்திவிட்டு, ஒருவரும் பார்க்காமல்.